குழாயடியில் நீட்டிய கட்டைவிரல்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, அஞ்சாம் வகுப்போடு சரி. மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

தாராவியில் எங்கள் சந்துக்கு ஒரு இந்தோனேசியாக்காரி மருமகளாக வந்தாள். வட்ட முகம். பெரியவர்களைத் தாண்டிப் போனால் முதுகை வளைத்துக் குனிந்துதான் போவாள்.

ஒருநாள் குழாயடியில், "இது யார் குடம்ட்டி?" என்று அவளைக் கேட்டேன். மற்ற விரல்களை மடக்கி, பக்கத்து வீட்டுக்காரிக்கு நேராகக் கட்டைவிரலை நீட்டினாள்.

"ஏட்டி, எனக்கா அங்கூட்டா காட்டுத?" என்று பக்கத்து வீட்டுக்காரி கத்தினாள். அங்கூட்டா என்றால் இந்தியில் கட்டைவிரல்; இங்கே அதைக் காட்டினால் பழிப்பு. எல்லாரும் சிரித்தோம். "ஆட்காட்டி விரல் எதுக்குட்டி இருக்கு?" என்று நான்தான் அவள் விரலைப் பிடித்து நீட்டிவிட்டேன்.

போன மாதம் அவள் வீட்டுக்குப் போனபோது, ஊரிலிருந்து அவள் அம்மா வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார். அவள் ஆட்காட்டி விரலை நீட்டி என்னைக் காட்டினாள். அம்மா முகம் சுருங்கி ஏதோ சொன்னார்.

"என்னட்டி சொல்லுதாங்க?"

"பெரியவங்கள இந்த விரலால காட்டக் கூடாதாம் ஆச்சி. அங்க கட்டைவிரல்தான் மரியாதை. எல்லாம் மறந்துட்டியான்னு கேக்காங்க."

யார் மாற்றிவிட்டது என்று அவள் சொல்லவில்லை. எனக்குத்தான் கூசிப்போய் அந்த போனைப் பார்க்க முடியவில்லை.

அந்த நாடு முழுக்க இப்படித்தானா, அவள் ஊரில் மட்டுமா, தெரியாது. தெரிந்தவர்கள் சரிபார்த்துச் சொல்லுங்கள். இந்தத் தடவையாவது கேட்டுத் தெரிந்துகொள்கிறேன்.