எந்த அரசு, மேடம்?

நடந்தவை, வரிசையாக:

1. அரசு என்பது ஒருநாள் தானாக உதிர்ந்துபோகும் என்று முன்பு சிலர் எழுதியதைப் பற்றி வரலாற்று விரிவுரையாளர் நஸீமா மேடம் பாடம் நடத்தினார். நான் படம் பிடித்தேன்.
2. இரண்டாமாண்டுப் பிள்ளைகள் சிலர் அதிலிருந்து "அரசு தானா உதிர்ந்து போயிடும்" என்ற ஒரு வரியை மட்டும் வெட்டி எடுத்து, எங்கள் கல்லூரித் தாளாளரின் படத்தை ஒட்டி, பின்னணியில் சங்கு ஊதும் சத்தத்தைச் சேர்த்தார்கள். தாளாளர் பெயர் திருநாவுக்கரசு. ஊருக்கே அவர் அரசு சார்.
3. அது வாட்ஸப்பில் தாளாளரைத் தெரியாத ஊர்களுக்கும் போனது. அங்கே அரசாங்கத்துக்கே சங்கு ஊதுவதாக எடுத்துக்கொண்டார்கள்.
4. மஃப்டியில் ஒருவர் கல்லூரி வாசலுக்கு வந்து, மேடத்தின் முழுப் பெயரையும் அப்பா பெயரையும் விசாரித்துவிட்டுப் போனார்.
5. கல்லூரித் தளத்தில் இருந்த அந்தப் பாடத்தை எடுக்கச் சொல்லிவிட்டார்கள். முழுப் பதிவு என் கணினியில் மட்டும் இருந்தது.

வரிசை எண் போட்டு எழுதினால்தான் எனக்கு எதுவும் குழம்பாமல் வரும். டிப்ளமோ படித்ததில் உருப்படியாக வந்த பழக்கம் இது ஒன்றுதான் என்பார் அம்மா.

இன்று இதையெல்லாம் கிளப்பிவிட்டது ஒரு துண்டுப் பஞ்சு. ஓசூரில் இப்போது நான் இருக்கும் கம்பெனியில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி. பேச வந்தவரின் சட்டையில் காலர் மைக்கை மாட்டப் போனேன். மைக்கின் தலையில் இருந்த கறுப்புப் பஞ்சில் கிராம்பு வாசனை அடித்தது. தொண்டைக்குக் கிராம்பு மெல்லும் யாரோ முன்பு மாட்டியிருக்க வேண்டும். நஸீமா மேடமும் மெல்லுவார். என் கை அப்படியே நின்றுவிட்டது.

"என்னாம்மா, ஷாக் அடிக்குதா?" என்றார் அவர்.

"இல்லைங்க சார்." காலர் மைக்கில் ஷாக் அடிக்காது. தொழில்முறையில் அது எனக்கு நன்றாகத் தெரியும்.

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே நெடுஞ்சாலையை ஒட்டியிருந்த அந்தக் கலைக் கல்லூரிதான் என் முதல் வேலை. புரொஜெக்டர் எரியாவிட்டால் எரிய வைப்பது, பாடங்களைப் பதிவு செய்து கல்லூரித் தளத்தில் ஏற்றுவது. பாடத்தைக் கேட்பது என் வேலையில் சேராது. சத்த அளவு சிவப்புக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். மேடம் பேசினால் போகும். அதனால் அவர் வகுப்பை மட்டும் கவனிக்க வேண்டியிருந்தது. அப்படித்தான் கொஞ்சம் காதில் விழுந்தது.

மேடம் கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருந்த குடும்பத்துப் பெண். பி.எட். முடித்துப் பள்ளிக்கூடத்தில் சேரச் சொன்னார்கள். சென்னைக்குப் போய் ஆராய்ச்சியில் சேர்ந்தார். எதைப் பற்றி? 'அரசு' என்ற ஒரே ஒரு சொல்லைப் பற்றி. ராஜாவைக் குறித்த சொல், ஆபீஸ், கோர்ட், போலீஸ், ரேஷன் கடை எல்லாம் சேர்ந்த முகமில்லாத ஒன்றுக்குப் பெயரானது எப்படி, அதை மாற்ற நினைத்தவர்கள் என்னவெல்லாம் எழுதினார்கள் என்று. இதற்கு டாக்டர் பட்டம் கொடுப்பார்களா என்று நான் ஆச்சரியப்பட்டிருக்கிறேன். கொடுத்தார்கள். வேலைதான் கொடுக்கவில்லை. தர்மபுரி, ராயக்கோட்டை, கிருஷ்ணகிரி என்று மணிக்கணக்கு விரிவுரையாளராகவே பல வருடங்கள் ஓடின. கோடை விடுமுறையோடு வேலை முடியும். கல்லூரி திறக்கும்போது கூப்பிட்டால் உண்டு. மாணவப் பருவத்தில் செங்கொடி பிடித்தவர் என்பதும் அவருக்கு முன்பே பஸ் ஏறி ஒவ்வொரு கல்லூரிக்கும் போய்விடும்.

எங்கள் ஆசிரியர் அறையிலும் அதை வைத்துக் கிண்டல் உண்டு. "தோழர் வந்துட்டாங்க, டீய எல்லாருக்கும் சமமா ஊத்துங்கப்பா" என்பார் வணிகவியல் மஞ்சுநாத் சார்.

"சமமா வேணாங்க சார். யாருக்கு எவ்ளோ பசியோ அவ்ளோ ஊத்துங்க. உங்களுக்கு ரெண்டு டம்ளர்" என்பார் மேடம்.

அந்த ஜூனில் பணியை நிரந்தரமாக்குவதாக நிர்வாகம் வாய்மொழியாகச் சொல்லியிருந்தது. தன் வயதுக்கு இனி வேறு கல்லூரி கிடைக்காது என்று மேடமே சொல்லியிருக்கிறார். அந்தச் சமயத்தில்தான் சங்கு ஊதியது.

மஃப்டிக்காரர் வந்துபோன மறுநாள், மஞ்சுநாத் சார் மேடத்தைப் படிக்கட்டு ஓரமாகக் கூப்பிட்டார். நான் கேபிள் சுருட்டிக்கொண்டிருந்தேன். கிண்டலெல்லாம் போன குரல். அவர் தளிப் பக்கம், வீட்டில் கன்னடம்.

"மேடம், கன்னடத்துல அரசுன்னா ராஜா. எங்கூர்ல யார வேணா கேளுங்க. பழைய ராஜாக்களப் பத்திச் சொன்னேன்னு ஒரே வார்த்த சொல்லிடுங்க. ஹிஸ்டரி மேடம் ராஜாவப் பத்திப் பேசுனா யாரு கேக்கறது? நான் சாட்சி சொல்றேன்."

மேடம் கையில் இருந்த சாக்பீஸை இரண்டாக உடைத்தார். "ராஜா வேற, அரசு வேறன்னு காட்டத்தான் சார் நான் இத்தன வருஷம் படிச்சேன்" என்றார். பிறகு, "பயமாத்தான் இருக்குது. அப்பா பேர எதுக்கு சார் கேட்டுட்டுப் போனாங்க?" என்றார்.

திங்கட்கிழமை முழுப் பதிவோடு வரச் சொல்லித் தாளாளர் அறையிலிருந்து எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். என் பயத்துக்குக் காரணம் இருந்தது. வெட்டப்பட்ட வரிக்கு அடுத்து வருவது மேடத்தைக் காப்பாற்றும். அதற்கும் அடுத்து வருவது கவிழ்த்துவிடும். தொழிற்பேட்டை கம்பெனிகளுக்கு ஒப்பந்த ஆட்களைப் பஸ் பஸ்ஸாக அனுப்புவது தாளாளர் குடும்பத்தின் தொழில். மேடம் அதன் மேலேயே கால் வைத்திருந்தார். அது அவருக்கு நினைவிருந்ததா, தெரியாது. வகுப்பில் சூடு ஏறினால் என்ன பேசினோம் என்று அவருக்கே தெரியாது. எனக்குத் தெரியும், மீட்டர் சிவப்பிலேயே நின்ற இடம் அது. "அழிச்சிட்டு வீட்டுக்கு வாடி" என்றார் அம்மா. அழித்தால் வெட்டிய வரி மட்டும்தான் உலகத்தில் மிஞ்சும்.

அறையில் தாளாளர், முதல்வர், மேடம், நான். தாளாளர் குரலை உயர்த்துகிறவர் இல்லை. அதுவே பயம்.

"நேராவே கேக்கறேன் மேடம். எந்த அரசு? நானா, கவர்மெண்டா? என்னைன்னா பசங்க வெளையாட்டுன்னு உட்டுடலாம். கவர்மெண்டுன்னா, வந்துட்டுப் போனவருக்கு நான் பதில் சொல்லணும்."

"ரெண்டும் இல்லைங்க சார். அரசுங்கற கருத்து."

"கருத்துக்கு எதுக்கு மேடம் சங்கு ஊதறாங்க?"

முதல்வர் சிரிக்கலாமா என்று யோசிப்பது தெரிந்தது. மேடம் என் பக்கம் திரும்பி, "நீ போடும்மா. முழுசாக் கேக்கட்டும்" என்றார். போட்டேன்.

அந்த வரி வந்தது. அடுத்ததும் வந்தது. "இப்படிச் சொன்னவங்க மேல எனக்கு மரியாதை இருக்குது. ஆனா பாதிதான் நம்பறேன். அரசு போயிட்டா நாளைக்கு ரேஷன் கடைய யாரு தெறப்பா?" தாளாளர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "அதானே! யாரு தெறப்பா!" முதல்வருக்கு மூச்சு வந்தது. மேடத்தின் தோள் இறங்கியது. நான் சட்டென்று நிறுத்தினேன்.

"ஏம்மா நிறுத்தற? நல்லாத்தான இருக்குது. ஓடட்டும்."

"இவ்ளோதாங்க சார் முக்கியமானது."

"ஓடட்டும்மா."

ஓடியது. திரையில் மேடம் பிள்ளைகளைக் கேட்டார். "உங்க அப்பா கம்பெனி கேட்டுல சங்கக் கொடிக்கம்பம் இருக்கா?" ஒரு பெண் எழுந்து, "இருந்துச்சு மேடம். ரோடு அகலப்படுத்தறப்ப எடுத்தாங்க, மறுபடி வைக்கல" என்றாள். மேடத்தின் குரல் உயர்ந்தது. "யாரு வைக்க உடல? காண்ட்ராக்ட்ல ஆள் அனுப்பறவங்க. சங்கம்னு பேசினா மறுநாள் பஸ்ல ஏத்த மாட்டாங்க. ஓட்டுப் போட்டு வராத அரசு அது. அது மட்டும் தானா உதிராது."

பாடம் முடிந்ததும் திரையை அணைத்தேன். மேடம் முகத்தில் ரத்தம் இல்லை. இப்போதாவது ராஜா என்று சொல்லிவிடுங்கள் மேடம் என்று என் மனசு கெஞ்சியது.

"நான் கேட்ட கேள்விக்குப் பதில் கெடைச்சிடுச்சு" என்றார் தாளாளர் மெதுவாக. "எந்த அரசுன்னு தெரிஞ்சிடுச்சு. வந்தவரு கிட்ட நானே சொல்லிக்கறேன், அது என்னப் பத்தின பேச்சுதான்னு. நீங்க பயப்படாதீங்க மேடம்."

சொன்னபடியே செய்தார். மஃப்டிக்காரர் மறுபடி வரவில்லை. ஜூனில் மேடத்துக்கு அழைப்பும் வரவில்லை. அவருடைய மற்ற பாடங்களையும் கல்லூரித் தளத்திலிருந்து எடுக்கச் சொன்னார்கள். எடுத்தேன், அடுத்த வருடம் நானும் அங்கிருந்து கிளம்பினேன்.

இப்போதைய நிலை இதுதான். அந்தப் பாடம் அங்கே இல்லை. அந்த நேரத்தில் நேர்காணலுக்குப் பேசப் பழக்குகிறார்கள். மேடம் விண்ணப்பித்த எந்தக் கல்லூரியும் கூப்பிடவில்லை. கிருஷ்ணகிரியில் அண்ணன் மண்டியில் உட்கார்ந்திருக்கிறார். நான் போன் செய்தால், எடுத்ததும் "ரெக்கார்ட் ஆகலையேம்மா?" என்கிறார். இல்லைங்க மேடம் என்கிறேன். அதற்குப் பிறகும் மாங்காய் விலையைப் பற்றி மட்டும்தான் பேசுகிறார்.