மொசைக் தரையில் கொத்திய இடம்

பென்னலூரில் வீடு கட்டியபோது சுவருக்காகவோ கூரைக்காகவோ நானும் என் கணவரும் ஒருநாளும் சண்டை போட்டதில்லை. எல்லாச் சண்டையும் தரைக்காகத்தான். எழுபதுகளின் கடைசி அது. அவருக்குக் கிண்டியில் ஒரு கம்பெனியில் வேலை. அங்கே மேனேஜர் ரூமில் மொசைக் தரையாம், குனிந்தால் முகம் தெரியுமாம். அதைப் பார்த்துவிட்டு வந்த அன்று பிடித்தது எங்களுக்குச் சனி.

எனக்கும் தரையைப் பற்றி ஒரு கணக்கு இருந்தது. அடுப்பங்கரைக்குக் கடப்பா கல். சுடுபாத்திரத்தை அப்படியே இறக்கி வைக்கலாம், எண்ணெய் சிந்தினாலும் கவலையில்லை. குளிக்கிற இடத்துக்குச் சொரசொரப்பான சிமெண்டு. மாட்டுக்கொட்டகைக்குக் கோடு கிழித்த சிமெண்டு. குளம்புக்குப் பிடிமானம், மூத்திரமும் தேங்காமல் ஓடிவிடும். கூடத்துக்கு ரெட் ஆக்சைடு போதும், ரொம்பவும் இழைக்காமல். தினமும் கூட்டிப் பெருக்கித் துடைக்கிறவளுக்கு இதுகூடத் தெரியாதா?

"உனக்கு இன்னா தெரியும்? அடுப்பங்கரையில, கொட்டாயில நீ இன்னா வேணா போட்டுக்கோ. ஹாலு என் இஷ்டம்" என்றார்.

அப்படித்தான் ஆயிற்று. மாடு நிற்கிற இடத்துக்கு நல்ல தரை கிடைத்தது, மனுஷர் நடக்கிற இடத்துக்கு மொசைக் வந்தது. மேஸ்திரி எங்கள் தெருக்காரர்தான். சலவைக்கல் சில்லுகளைத் தூவி, காயவிட்டு, தண்ணீர் விட்டு மூன்று முறை இழைத்தார். அதன் மேல் நடந்த அத்தனை நாளும் நான் கால்விரலைச் சுருக்கிக்கொண்டுதான் நடந்தேன்.

கிரகப்பிரவேசத்துக்கு முதல் நாள் அதன் மேல் மெழுகும் போடச் சொன்னார் இவர். மேஸ்திரியே தயங்கினார்.

"மெழுகு போட்டா வழுக்கும்ணே. நாளைக்கு மாடு உள்ள வருது இல்ல?"

"மாடு இன்னா டான்ஸா ஆடப்போவுது? நாலு அடி நடந்துட்டுப் போவப்போவுது. நீ போடு."

புது வீட்டுக்குள் முதலில் பசு நுழைய வேண்டும் என்பது வழக்கம். நுழைய வேண்டிய பசு என்னுடையது. மணிமங்கலத்தில் என் அம்மா வீட்டிலிருந்து கன்றாக வந்த செவலை. அப்போது எட்டு மாதச் சினை. விழுந்தால் அதுவும் போகும், வயிற்றில் இருப்பதும் போகும். எனக்கு அந்த ஒரு பயம்தான், வேறொன்றுமில்லை. காலையில் ஐயரிடம் கேட்டேன். வாசற்படியில் கால் வைத்தாலே போதும், குற்றமில்லை என்று அவரே சொல்லிவிட்டார்.

"வாசல்லயே நிறுத்திக்கலாங்க. சினையா கீது" என்றேன் இவரிடம்.

"காஞ்சிபுரத்துலருந்து சொந்தக்காரங்க வந்துகீறாங்க, கம்பெனி ஆளுங்க வந்துகீறாங்க. மாட்ட வாசலோட திருப்பி அனுப்பினா இன்னா நெனைப்பாங்க?"

மாட்டுக்கு மரியாதை என்றா நினைக்கிறீர்கள்? மாட்டைச் சாக்காக வைத்து எல்லோரும் தரையைப் பார்க்க வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

படி தாண்டும்வரை பசு ஒழுங்காகத்தான் வந்தது. பளபளப்பைப் பார்த்துத் தண்ணீர் என்று நினைத்ததோ என்னவோ, நின்று மூச்சு விட்டு மோந்தது. இவர் கயிற்றை இழுத்தார். பின்னாலிருந்து யாரோ வாலை முறுக்கினார்கள். நாலாவது அடியில் பின்னங்கால் இரண்டும் பக்கத்துக்கொன்றாக விரிய, தொப்பென்று வயிறு தரையில் பட விழுந்தது.

இவர் ஓடிவந்து குனிந்தார். பசுவைப் பார்க்க அல்ல.

"தரை கீறிப்போச்சா பாரு."

நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்த வார்த்தையை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

எழுப்பப் பார்த்தார்கள். ஒவ்வொரு தடவையும் குளம்பு சறுக்கி மறுபடி விழுந்தது. கோணி விரித்தார்கள், கோணியும் சேர்ந்து வழுக்கியது. மணலைக் கொட்டினார்கள், அது உருண்டு இன்னும் மோசமாகிவிட்டது. அடுப்பில் பால் பொங்கி வழிந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். பசு மட்டும் வாயில் நுரை தள்ளிக்கொண்டு என்னையே பார்த்தது.

"கொத்து போட்டாத்தான் கால் புடிக்கும்" என்று மேஸ்திரி தாழ்ந்த குரலில் சொன்னார். பூச்சு ஒட்டுவதற்காகச் சுவரைக் கொத்துவார்களே, அந்த மாதிரி.

"எவனாவது என் தரையில கை வெச்சீங்கன்னா பாரு!" என்றார் இவர்.

நான் பின்கட்டுக்குப் போனேன். மேஸ்திரியின் பையிலிருந்து உளியையும் சுத்தியலையும் எடுத்து வந்து, பட்டுப்புடவையோடு உட்கார்ந்து ஓங்கி ஒரு அடி போட்டேன். ஒரே ஒரு சில்லுதான் தெறித்தது.

"குடு அண்ணி, கையில பட்டுக்கப்போற" என்று மேஸ்திரி வாங்கிக்கொண்டார். தான் இழைத்ததைத் தானே கொத்தினார், பசுவின் காலடியிலிருந்து வாசல்வரை. நான் அதன் தலையை மடியில் அணைத்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் முயற்சியில் குளம்பு பிடித்தது. எழுந்து, நொண்டிக்கொண்டே கொத்திய வழியாக வெளியே போயிற்று. அடுத்த மாதம் கொட்டகையில் கிடேரிக் கன்று போட்டது. கோடு கிழித்த தரையில் அந்தக் கன்று அன்றைக்கே எழுந்து நின்றது.

இவர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. கொத்திய இடத்தின் மேல் ஒரு கோரைப்பாயை விரித்தார். யாராவது விலக்கிப் பார்த்துக் கேட்டால், "மாடு மெதிச்சுப் பேந்துடுச்சு" என்பார். பழியும் மாட்டின் மேல்! நான் தினமும் பெருக்கும்போது பாயைச் சுருட்டி வைப்பேன், அவர் வந்து விரிப்பார். வருடக்கணக்காக இதே வேலை.

போன மழைக்காலத்தில், ஈரக்காலோடு வந்தவர் அதே கூடத்தில் வழுக்கி விழுந்தார். சத்தம் கேட்டு அடுப்பங்கரையிலிருந்து ஓடினேன். மல்லாந்து கிடந்தார். "தரை கீறிப்போச்சா" என்று என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டு, தோளைக் கொடுத்துத் தூக்கினேன்.

இடுப்பில் அடி. இப்போது கைத்தடியோடுதான் நடை. மொசைக்கில் தடி நிற்பதில்லை. தடி பிடித்த நாலாம் நாள் கட்டிலில் உட்கார்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தவர், என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"அந்தப் பாயைக் கொஞ்சம் எடுத்துடேன்."

நான் பாயைச் சுருட்டிப் பரணில் போட்டேன்.