மீட்காத பிள்ளை

சோற்றுத் தட்டைக் கையில் எடுத்தால் அடைக்கலமேரி முதலில் கோயில் பக்கம் திரும்புவாள். "தாயே, சாப்புடட்டா?" என்று கேட்டு, ஒரு மூச்சு விடுகிற நேரம் பொறுத்துத்தான் முதல் கவளம். திருமானூருக்கு பஸ் ஏறுமுன் கேட்பாள். காய்ச்சலுக்கு மாத்திரை போடுமுன் கேட்பாள். நாற்பத்திரண்டு வயதில் இதென்னடி கூத்து என்று யாராவது சீண்டினால், "இந்த ஒடம்பு அவுங்களுதுங்க. கேக்காம எடுத்துப் பொழங்கலாமா?" என்பாள். அதையும் சிரிக்காமல்தான் சொல்வாள்.

கொள்ளிடக் கரையோரத்து அந்த ஊரில் மாதா கோயிலைக் கூட்டுவது, பீடத் துணிகளைத் துவைத்துக் கஞ்சி போடுவது, மூன்று வேளையும் மணியடிப்பது எல்லாம் அவள் வேலை. சம்பளம் என்று எதுவும் கிடையாது. மணிக்கூண்டை ஒட்டி இறக்கிய சார்ப்பில் படுக்கை. வயிற்றுப்பாட்டுக்குக் கரும்புக் கொல்லையில் காய்ந்த தாளை, சோகையை, உரிக்கப் போவாள். சோகை கிழித்த கோடுகள் முழங்கை வரைக்கும் ஓடும். பீடத் துணியை மடிக்கும்போது மட்டும் கையில் புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொள்வாள். சொரசொரப்புப் பட்டால் நூல் பிரிந்துவிடுமாம். அந்தப் புடவையும் அண்ணி உடுத்திக் கழித்ததுதான்.

ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது அவளுக்கு இசிவு கண்டது. தாய் தூக்கிக்கொண்டு ஓடிவந்து பீடத்துப் படியில் கிடத்தி, பிழைத்தால் உனக்கே என்று மாதாவுக்கு நேர்ந்துவிட்டாள். பிள்ளை பிழைத்துக்கொண்டது. இப்படி விட்ட பிள்ளையை மூன்றாம் வயதில், திருவிழாவன்று, பெற்றவர்களே மீட்டுக்கொள்வது அந்த ஊர் வழக்கம். பிள்ளையை அதே படியில் உட்கார வைத்து, ஒரு மரக்கால் நெல்லைக் கொட்டி, வாரித் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அதற்குள் தாய் போய்ச் சேர்ந்துவிட்டாள். அப்பா வைரக்கண்ணு அடுத்த வருசம், அடுத்த வருசம் என்று தள்ளிக்கொண்டே போனார்.

முதலில் அது வெறும் மறதி. பத்தொன்பது வயதில் குன்னத்துப் பக்கமிருந்து பெண் கேட்டு வந்தார்களே, அன்றைக்கு மறதி பக்தியாகிவிட்டது. மாதாவின் பொருளை நான் எப்படி எடுத்துக் கொடுப்பேன் என்று கையை விரித்துவிட்டார். வந்தவர்களும் கும்பிட்டுவிட்டு எழுந்து போனார்கள். நகை மிச்சம், சீர் மிச்சம், இரண்டு ஏக்கர் நஞ்சையும் பங்கமில்லாமல் மிச்சம். நிலத்தோடு சேர்ந்து அந்தப் பேச்சும் அண்ணன் ராசாங்கத்துக்கு வந்தது. அடப் பாவிகளா, நேர்ந்துவிட்ட கிடாயாவது இஷ்டத்துக்கு நாலு வயல் மேயும்.

அவளுக்கு இதில் ஒரு குறையும் இருந்ததில்லை. கெட்டதும் நல்லதும் புதிதாக வந்த சாமியாரால்தான். சின்ன வயசு, பட்டதைப் பட்டென்று சொல்கிற வாய். சோற்றுத் தட்டோடு அவள் உத்தரவு கேட்டு நின்றதை ஒருநாள் பார்த்துவிட்டு விசாரித்தார். கதையைக் கேட்டதும், "அது ஒங்க அம்மா குடுத்த காணிக்கை. நீங்க இன்னும் ஒண்ணும் குடுக்கலியேம்மா" என்று சொல்லிவிட்டுப் பூசைக்குப் போய்விட்டார். அவர் போய்விட்டார், இவள் மூன்று நாள் தட்டைத் தொடவில்லை. நான்காம் நாள் சாமியார் வீட்டு வாசலில் போய் நின்று, "அப்ப நாப்பது வருசமா நா கூட்டுனதெல்லாம் யார் கணக்கு சாமி?" என்று கேட்டாள். தான் சொன்னதை நினைத்து அவர் நொந்துபோனதுதான் மிச்சம்.

அன்று சாயங்காலமே அண்ணன் வீட்டு வாசலுக்குப் போனாள்.

"ஒரு மரக்கா நெல்லுண்ணே. என்னைய மீட்டு வுட்டுரு. அப்பத்தான் நானா எதுனா குடுக்க முடியும்."

"இன்னிக்கு நெல்லும்ப. மீட்டுட்டா நாளைக்கே பொண்ணுக்கும் பங்கு உண்டுன்னு சட்டம் பேசுவ" என்றார் ராசாங்கம். மாதா பொருளில் கை வைத்தால் குடும்பத்துக்கு ஆகாது என்றும் சேர்த்துக்கொண்டார். அவள் மணியடிக்கத் திரும்பிவிட்டாள்.

அது 2003. தையில் அறுப்பு முடிந்த வயல்களில் அவள் குனிந்து கதிர் பொறுக்கிக்கொண்டிருந்ததை ஊரே பார்த்தது. கோழிக்கு என்று நினைத்துக்கொண்டார்கள்.

மே மாதம் திருவிழா. பூசை முடிந்து ஐந்து பிள்ளைகளை வரிசையாக மீட்டார்கள். கடைசிப் பிள்ளையைத் தூக்கியதும் அடைக்கலமேரி போய் அந்தப் படியில் உட்கார்ந்தாள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். சாமியார் சிரிக்கவில்லை. "இந்தப் பிள்ளைய மீட்கிறது யாரு?" என்று மற்றப் பிள்ளைகளுக்குக் கேட்டது போலவே கேட்டார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ராசாங்கம் சட்டையில் குத்தியிருந்த திருவிழாக் கமிட்டி ரிப்பனை நேராக்கிக்கொண்டிருந்தார். இரண்டாம் தடவையும் கேட்டபோது சிரிப்பெல்லாம் அடங்கிவிட்டது.

அவள் மடியிலிருந்து துணிப்பையை எடுத்து மரக்காலில் கவிழ்த்தாள். நெல் வாய்வரைக்கும் வரவில்லை, இரண்டு விரற்கடை குறைந்தது. சாமியார் அதைப் பார்த்துவிட்டு மரக்காலைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"நாந்தான் சாமி" என்றாள்.

வாரித் தூக்க ஆளில்லை. முழங்காலில் கையை ஊன்றித் தானே எழுந்தாள். உத்தரவு கேட்காமலே நடையைத் தாண்டிப் போய் வெயிலில் நின்றாள். மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரம் சொல்கிற நேரம் இருக்கும். பிறகு அவளாகத் திரும்பி வந்து, அதே படியில் உட்கார்ந்தாள்.