படத்தில் ஜிபாரின் முதுகு

எங்கள் பிஷ்கெக் குடியிருப்பில் கீழ்வீட்டு ஜிபார் தன் மாமனார் பெயரை வாயால் சொன்னதே இல்லை. எங்கள் நாட்டு மருமகள்கள் யாருமே புகுந்த வீட்டுப் பெரியவர்களின் பெயரைச் சொல்வதில்லை. இதற்கு மரியாதை என்று பெயர். பதிலுக்கு அந்தப் பெரியவர்கள் எதையெல்லாம் சொல்லாமல் விட்டார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை. எனக்கும் வீட்டில் மனைவி இருக்கிறாள்.

பழைய ஓவியங்களில் இருப்பவர்களை யாருக்காவது அடையாளம் தெரிந்தால் வந்து சொல்லலாம் என்று தேசிய ஓவிய அருங்காட்சியகம் அறிவித்திருந்தது. அதில் 'மேய்ப்பர்' என்ற படத்தைக் கைபேசியில் பார்த்து ஜிபாரின் மகன் மெதெர் துள்ளினான். மலைமேய்ச்சலில் ஆட்டுக்குட்டியை மார்போடு அணைத்து நிற்பது அவன் தாத்தா, ஜிபாரின் மாமனார். ஜிபார் பார்த்தது படத்தின் ஓரத்தை. அங்கே குனிந்து குதிரைப் பால் கறக்கும் பெண்ணின் முதுகு இவளுடையது.

மார்ச் மாதப் பனியில், ஈன முடியாமல் தவித்த ஆடுகளுக்குள் கையை விட்டுக் குட்டிகளை வெளியே எடுத்தவள் இவள். பெரியவர் குட்டியைத் தூக்கியது ஓவியருக்காக ஒரே ஒருமுறை. அது சட்டையை நனைத்ததற்கும் இவளுக்குத்தான் திட்டு.

தன் பெயரும் படத்தின் கீழே வரவேண்டும் என்று வெள்ளை முக்காடு கட்டிக்கொண்டு கிளம்பினாள். மெதெரும் கூட வந்தான். கார் என்னுடையது என்பதால் நானும் போனேன்.

அருங்காட்சியகப் பெண் குல்சாத், படத்தில் இருக்கும் பெரியவர் யார் என்று பணிவாகக் கேட்டாள்.

"நான் மருமகம்மா, சொல்லக் கூடாது. அந்த முதுகு என்னுது. ஜிபார்னு எழுதிக்க."

முகம் தெரியவில்லையே, குடும்பத்தில் இன்னொருவர் ஆமாம் என்றால் போதும் என்று குல்சாத் மெதெரைப் பார்த்தாள். அவன் தாத்தாவின் பெயரை முழங்கிவிட்டு, அம்மா பக்கம் குனிந்தான்.

"அது யாரோ வேலைக்காரின்னு இருக்கட்டும்மா. தாத்தா படத்துல நீ எதுக்கு? சொந்தக்காரங்க சிரிப்பாங்க."

குல்சாத் ஒரு பெயரை மட்டும் எழுதிக்கொண்டாள்.

திரும்பும் வழியெல்லாம் மெதெர் போனில் சொந்தங்களை விருந்துக்கு அழைத்தான். ஆடு வெட்டுவோம், அம்மா சமைப்பாள் என்றான். பின்சீட்டிலிருந்து ஜிபார் நிதானமாகப் பேசினாள்.

"சைதாலி ஒரு நாள் கூட ஆடு மேச்சதில்ல. மேச்சது நான்."

மெதெர் போனைக் கீழே போட்டான்.

"தாத்தாவப் பேர் சொல்லிட்டியேம்மா..."

விருந்தன்று அந்தக் குடும்பம் முழுக்க இதே பேச்சு. மாமனாரைப் பெயர் சொல்லிவிட்டாளாம், வயதானால் புத்தி இப்படித்தான் போகுமாம். மேய்த்தது யார் என்ற பகுதி யார் காதிலும் விழவில்லை. அவளும் திரும்பச் சொல்லவில்லை. அடுப்படியில் வேலை இருந்தது.