கோழிக்கூட்டில் ஓர் எல் போர்ட்

எங்கள் வீட்டுக் கோழிக்கூட்டுக்குக் கதவாக இருப்பது ஒரு தேயிலைப் பெட்டிப் பலகை. வெளிப்பக்கம் தோட்டத்தின் பெயரும் தேயிலையின் தரமும் குத்திய கறுப்பு அச்சு இன்னும் மங்கலாகத் தெரியும். உள்பக்கம், அதாவது கோழிகள் மட்டும் பார்க்கிற பக்கம், சிவப்புச் சாயத்தில் பெரிதாக ஓர் 'எல்' எழுத்து. பேத்தி அதைக் கண்டுபிடித்த அன்று, "தாத்தா, நம்ம கோழியெல்லாம் கார் ஓட்டப் பழகுதுங்களா?" என்று கேட்டுவிட்டு ஓடிவிட்டாள். அந்த எழுத்தை எழுதியவன் நான்தான். கை கொஞ்சமும் நடுங்காமல் எழுதியிருக்கிறேன். நடுங்கியதெல்லாம் அதற்குப் பிறகு.

ஐம்பதுகளின் நடுவில் உடப்புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து லொறி ஓட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு அப்போது முப்பது வயது. வண்டி ஓட்டுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்ற நினைப்பு எனக்கு நிறையவே இருந்தது. எங்கள் தோட்டத்து ஆஸ்பத்திரியைப் பார்த்துக்கொண்டவர் ஒரு டிஸ்பென்சர். படித்தது கம்பவுண்டர் படிப்புதான் என்றாலும் எங்களுக்கெல்லாம் அவர் டொக்டரய்யா. சாம்பல் நிறத்தில் ஒரு சின்னக் கார் வைத்திருந்தார். தோட்டத்தின் மூன்று டிவிஷனுக்கும் அதில்தான் போய்வருவார். ஒரு மழைக்காலத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் படியில் வழுக்கி விழுந்து இடது மணிக்கட்டை முறித்துக்கொண்டார். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது. கியர்த் தண்டைப் பிடித்தால் விரல் மடங்காது. வேறு ஆள் வைத்து ஓட்ட அவர் சம்பளம் இடம் கொடுக்காது.

தோட்டத்தை நிர்வகித்த வெள்ளைக்காரர், எங்கள் பெரிய துரை, அவரைக் கூப்பிட்டு, இந்த மாதம் முடிவதற்குள் காரை ஓட்ட வழி பண்ணிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் வேறு டிஸ்பென்சரைக் கொண்டுவருவேன் என்று சொல்லிவிட்டார். வேலை போனால் குவாட்டர்ஸும் போகும். தாயில்லாத மகளை வைத்துக்கொண்டு அந்த மனிதர் எங்கே போவார்? அந்த மகளுக்கு அப்போதுதான் பதினெட்டு முடிந்திருந்தது. "நான் ஓட்டுறேன்பா" என்று அவள் சொன்னபோது அவர் சிரித்திருக்கிறார். மறுநாள் என்னிடம் வந்தபோது சிரிக்கவில்லை.

பகல் கொழுந்து எடைபோட்டு முடிந்து, சாயங்காலக் கொழுந்து ஏற்றுவதற்கு முன் எனக்கு இரண்டு மணி நேரம் ஓய்வு உண்டு. அந்த நேரத்தில் அவளுக்குப் பழக்கினேன். வயதுக்கு வந்த பெண்ணை லொறிக்காரனுடன் தனியாக அனுப்ப முடியுமா? ஆகவே டொக்டரய்யாவும் பின்சீட்டில் மருந்துப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கார் குலுங்கும்போதெல்லாம் பெட்டிக்குள் போத்தல்கள் கிணுகிணுக்கும். அதற்கு மேலே அவர் "முருகா, முருகா" என்று சொல்லிக்கொண்டே வருவார். தோட்டத்து ரோட்டில் அவள் நான்கே நாளில் கியர், கிளட்ச் எல்லாம் பழகிவிட்டாள். எனக்கு அதற்கு மூன்று மாதம் ஆனது. அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

வம்பெல்லாம் கவர்ன்மென்ட் ரோட்டில்தான் காத்திருந்தது. தேயிலைப் பெட்டிப் பலகையில் நான் எழுதிக் காரில் முன்னும் பின்னும் மாட்டிய அந்த எல் போர்டைக் கண்டால் மற்ற டிரைவர்மாருக்கு என்னதான் வருமோ தெரியாது. நல்ல மனிதனுக்கும் ஒரு குறும்பு வரும். அதற்கு மேல் ஓட்டுவது ஒரு பெண் என்று கண்டால் கேட்கவே வேண்டாம். முதல் நாளே நுவரெலியாவுக்குப் போகும் மரக்கறி லொறியொன்று எங்கள் முதுகில் ஒட்டிக்கொண்டு, மூன்று வளைவு தூரம் ஹோர்னை விடாமல் அடித்தது. அடுத்த வளைவில் பஸ் ஒன்று முழு ரோட்டையும் தன் அப்பன் வீட்டுச் சொத்தாக நினைத்து எதிரே இறங்கி வந்தது. அவள் இரண்டு கையையும் ஸ்டியரிங்கிலிருந்து எடுத்து முகத்தை மூடிக்கொண்டாள். கார் நடுரோட்டில் நின்றுவிட்டது. பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, என்னைப் பார்த்து, "என்னாண்ணே, கல்யாண ஊர்வலமா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அவள் அழுதாள். பின்சீட்டில் முருகன் பெயரும் நின்றுபோயிருந்தது. எனக்கு வந்த கோபத்தில் அந்த பஸ்ஸை விரட்டிப் போயிருப்பேன், காலடியில் கிளட்ச் இருந்திருந்தால்.

அன்றிரவு யோசித்துப் பார்த்ததில் ஒன்று விளங்கியது. அந்த பஸ்காரன் செய்ததைத்தான் நான் தினமும் லொறியில் செய்துகொண்டிருந்தேன். மாட்டு வண்டி, சைக்கிள், புதுசாகக் கார் வாங்கிய கடை முதலாளி, எவரையும் நான் விட்டுவைத்ததில்லை. ஆகவே அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது புத்தகத்தில் இருந்த பாடம் இல்லை. என்னைப் போன்றவனை எப்படிச் சமாளிப்பது என்ற பாடம். "பின்னால வர்றவனுக்கு அவசரம்னா அது அவனோட அவசரம் பாப்பா. நீங்க எடுத்துக்காதீங்க. ரோடு அகலமா வர்ற எடத்துல ஒதுங்கி விடுங்க, அதுக்கு முந்தி விடாதீங்க." "எதிர்ல வர்றவன் மொகத்தைப் பாக்காதீங்க. மொகம் மெரட்டும். முன் டயரைப் பாருங்க, அது எங்க திரும்புதோ அங்கதான் வருவான்." "ஹோர்ன் காதுக்குத்தான். காலுக்கு இல்ல." எல்லாவற்றையும்விட முக்கியமாக ஒன்றைச் சொன்னேன். மலை ரோட்டில் ஏறுகிற வண்டிக்குத்தான் வழி. ஏறும்போது நின்றால் மறுபடி கிளம்புவது கஷ்டம், பின்னால் உருண்டால் பள்ளம். இறங்குகிறவன்தான் ஒதுங்க வேண்டும், ஒதுங்க இடமில்லையென்றால் பின்னால் போக வேண்டும். "அவன் எவ்ளோ பெரிய வண்டியில வந்தாலும் சரி" என்று வீறாப்பாகச் சேர்த்துக்கொண்டேன்.

இரண்டாவது வாரம் ஓர் ஏற்றத்தில் அதே பஸ் எதிரே இறங்கி வந்தது. அவள் இடது ஓரத்தில் காரை நேராக நிறுத்தி, ஹேன்ட் பிரேக்கைப் போட்டு, ஒரே ஒரு தடவை ஹோர்ன் அடித்தாள். முகத்தைப் பார்க்கவில்லை, டயரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பஸ் முனகியது, உறுமியது, கடைசியில் பின்னால் போனது. எனக்கு ஏற்பட்ட பெருமைக்கு அளவே இல்லை. பின்சீட்டில் டொக்டரய்யா கண்ணைத் திறந்து, "போயிட்டானா?" என்று கேட்டார்.

ஆனால் ஒரு வண்டியைப் பற்றி நான் அவளுக்கு எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. தோட்டத்தில் பெரிய துரையின் கறுப்புக் கார் வந்தால், நடந்து போகிறவர்கள் ரோட்டை விட்டு இறங்கி, பிடித்திருக்கும் குடையைச் சுருக்கி, தலைப்பாகையை எடுத்துவிட்டு, மலைப்பக்கத்து வாய்க்காலில் நிற்பார்கள். அந்த வாய்க்காலை நாங்கள் கான் என்போம். மழை கொட்டினாலும் குடை விரிந்திருக்கக் கூடாது. என் அப்பா அப்படி நின்றார், நானும் அவர் காலடியில் நின்றேன். லொறி ஓட்ட ஆரம்பித்த பிறகு குடைக்குப் பதில் லொறியையே கானுக்குள் இறக்கினேன். ஏறுகிற வண்டி, இறங்குகிற வண்டி என்ற சட்டமெல்லாம் அந்தக் காருக்கு உண்டு என்று நான் நினைத்ததே இல்லை.

டெஸ்டுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, நுவரெலியாவில் மருந்து வாங்கிக்கொண்டு திரும்பினோம். தோட்டத்து கேட்டுக்குக் கீழே கடைசி ஏற்றம். இடது பக்கம் மலையும் கானும், வலது பக்கம் பள்ளம். மேலே கொழுந்தெடுக்கும் பெண்கள். வளைவு திரும்பியதும் எதிரே கறுப்புக் கார், துரையே ஓட்டிக்கொண்டு விரைவாக இறங்கி வந்தார். ஹோர்ன் நீளமாக ஒலித்தது. என் கை தானாக ஸ்டியரிங்கைப் பிடித்து இடப்பக்கம் இழுத்தது.

"கானுக்குள்ள எறக்குங்க பாப்பா. தொரை வர்றாரு."

அவள் என் கையைத் தட்டிவிட்டாள். காரை நிறுத்தி ஹேன்ட் பிரேக்கைப் போட்டாள்.

"ஏறுற வண்டிக்குத்தான் வழின்னு நீங்கதானே அண்ணே சொன்னீங்க?"

"அது பஸ்ஸுக்கு. இது தொரை."

"இது தோட்டத்து ரோடு இல்லையே அண்ணே. கவர்மென்ட் ரோடுதானே?"

பின்சீட்டிலிருந்து, "எறக்கும்மா, நம்ம வேலை இவர் கையிலதான் இருக்கு" என்று டொக்டரய்யா கெஞ்சினார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. "கானுக்குள்ள எறக்கினா ஆக்சில் ஒடஞ்சிரும்பா. அப்புறம் டெஸ்டுக்கு எதுல போறது?" என்றாள். அவள் கண் கறுப்புக் காரின் முன் டயரைவிட்டு அசையவில்லை. நான் என்ன செய்தேன் என்று கேட்கிறீர்களா? காருக்குள் உட்கார்ந்தபடியே தலைத்துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

ஹோர்ன் மறுபடி அடித்தது. பிறகு ஓய்ந்தது. மேலே கொழுந்தெடுத்த பெண்கள் கையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். பத்து முழம் இடைவெளியில் இரண்டு கார்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நின்றன. பிறகு, என் ஆயுளில் அதற்கு முன் காணாத காட்சியாக, கறுப்புக் கார் மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. துரைக்கு வண்டியைப் பின்னால் ஓட்டிப் பழக்கம் இல்லை. யாருக்கு ஒதுங்கினார் பழகுவதற்கு? ஒதுங்கும் இடத்தை அடைவதற்குள் மலைச்சுவரில் மட்கார்டை ஒரு தடவை உரசிக்கொண்டார். அவள் அவரைக் கடக்கும்போது, நான் சொல்லிக்கொடுத்தபடி, நன்றிக்குக் கையை உயர்த்தினாள். நான் அதைப் பார்க்கவில்லை. குனிந்திருந்தேன்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுக்க எல்லாரும் வரிசையில் நிற்கும்போது, துரை என்னைக் கூப்பிட்டார். எனக்கு வேலை போய்விட்டது, டொக்டரய்யாவுக்கும் போய்விட்டது என்றே நினைத்து நடந்து போனேன்.

"டொக்டர் மகளுக்கு டெஸ்ட் எப்போ?" என்று தன் தமிழில் கேட்டார்.

"அடுத்த செவ்வாக்கிழமைங்க தொரை."

"நல்லா படிச்சுக் குடுத்தே" என்றார். பிறகு, "என் மட்கார்ட் தட்டி நேராக்கு" என்றார். அவ்வளவுதான். அந்த மட்கார்டை நான் அரைநாள் தட்டினேன். ஒவ்வொரு தட்டுக்கும் எனக்குள் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, வெளியே விடத்தான் தைரியம் இல்லை.

அவள் லைசன் எடுத்துவிட்டாள். டொக்டரய்யா ஓய்வு பெறும்வரை அந்தக் குவாட்டர்ஸில்தான் இருந்தார். லைசன் கிடைத்த அன்று பின்பக்கத்துப் பலகையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "இனிமே இது எனக்கு வேணாம். உங்களுக்குத்தான் வேணும்ணே" என்றாள். முப்பது வயது டிரைவரிடம் பேசுகிற பேச்சா இது? எனக்கு உறைத்தது. பலகையை லொறி சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, அதே ஏற்றத்தில் லொறி நிறையக் கொழுந்துடன் வந்துகொண்டிருந்தேன். மேலே கறுப்புக் கார் ஒதுங்கும் இடத்தில் நின்றது. துரை எனக்காகக் காத்திருந்தார். நானோ அதற்குள் பழக்க தோஷத்தில் லொறியின் இடப்பக்கச் சக்கரத்தைக் கானில் இறக்கிவிட்டு அவருக்காகக் காத்திருந்தேன். அவர் கையைக் காட்டினார், நான் கையைக் காட்டினேன். மேலே பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. சீட்டுக்கு அடியில் பலகை இருப்பது நினைவுக்கு வந்தது. கியரைப் போட்டு, லொறியைக் கானிலிருந்து மேலே ஏற்றி, தலைத்துண்டு தலையிலேயே இருக்க அவரைக் கடந்து போனேன். தோட்டம் வந்து சேர்ந்தபோது என் சட்டை நனைந்திருந்தது. அன்று மழை இல்லை.

இப்போது டவுனில் மகனோடு இருக்கிறேன். துரைமார் போய்விட்டார்கள், ஆட்டோவும் வேனும் கொடிகட்டிப் பறக்கின்றன. போன வாரம் கொட்டுகிற மழையில் கடைக்குப் போகும்போது பின்னால் ஒரு பெரிய ஜீப் ஹோர்ன் அடித்தது. என் கால் கானைத் தேடியது. கை குடையைச் சுருக்கத் தொடங்கியிருந்தது. எனக்கே என் மேல் கோபம் வந்தது. குடையை மறுபடி விரித்துக்கொண்டு ஓரமாக, ரோட்டிலேயே நடந்தேன். ஜீப்காரன் என்னைச் சுற்றிக்கொண்டு போனான்.

வீட்டுக்கு வந்ததும் கோழிக்கூட்டுப் பலகையைக் கழற்றி, திருப்பி மாட்டினேன். இப்போது 'எல்' வெளிப்பக்கம் இருக்கிறது. "யாரு தாத்தா பழகுறது?" என்று பேத்தி கேட்டாள். நான்தான் என்றேன்.