பதினேழுக்கு நான் கொடுத்த ஐந்து வருடம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இன்றும் கூச்சம் கிடையாது. அமெரிக்காவில், எடிசன் என்ற ஊரில் அப்பா தோசை மாஸ்டராக இருந்த உணவகத்தின் சமையலறையில் பன்னிரண்டு வயதிலேயே எனக்கு ஒரு பதவி இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் காலி வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து, ஆங்கிலச் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தை அப்பாவுக்குத் தமிழில் சொல்ல வேண்டும்.

எல்லாம் ஒரே ஒருவனைப் பற்றித்தான். எங்கள் பக்கத்து அமெரிக்க ஃபுட்பால் அணியில், அதாவது பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிற ஆட்டத்தில், பந்தை எறிகிறவன். அவன் பெயர் அப்பாவின் வாயில் நுழையவில்லை. சட்டையில் இருந்த எண்ணை வைத்துப் 'பதினேழு' என்றே சொல்வோம். அப்பா அமெரிக்கா வந்த அதே வருடம்தான் அவனும் அணியில் சேர்ந்தான். முதல் வருடம் பெஞ்சில் சும்மா உட்கார்ந்திருந்தது, பிறகு கோப்பை வாங்கிக் கொடுத்தது, தோள் விலகியது, முழங்காலில் இரண்டு முறை கத்தி வைத்தது எல்லாம் அப்பாவுக்கு மனப்பாடம். "நானும் அவனும் ஒரே பேட்ச்" என்பார்.

ஒரு வாரம் செவ்வாய்க்கிழமை அப்பாவின் முழங்காலைக் காட்ட அவரோடு டாக்டரிடம் போயிருந்தேன். அங்கேயும் மொழிபெயர்ப்பாளர் நான்தான். நின்றுகொண்டே வேலை செய்தால் ஒரு வருடம்கூடத் தாங்காது என்று டாக்டர் சொன்னதை ஒரு சொல் விடாமல் அப்பாவிடம் சொன்னேன். 'தேய்மானம்' என்ற வார்த்தை சட்டென்று நினைவுக்கு வந்ததில் எனக்கு ஒரே பெருமை. அப்பா சுவரில் இருந்த எலும்புப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பேப்பரைப் பிரித்தால், பதினேழின் முழங்கால் முடிந்துவிட்டது, இன்று தோற்றால் அணி அவனை அனுப்பிவிடும் என்று எழுதியிருந்தது. எனக்குக் கோபம் வந்தது. பதினேழைப் பற்றி இப்படி எழுத இவன் யார்?

"என்னம்மா போட்டிருக்கான்?" என்றார் அப்பா.

"இன்னும் அஞ்சு வருஷம் ஆடுவானாம்ப்பா. டாக்டரே சொல்லிட்டாராம்."

கல்லில் தண்ணீர் தெளித்த கை நின்றது. "அஞ்சு வருஷமா? அந்த வரிய இன்னொரு தடவ படி."

பேப்பரைப் பார்த்தபடியே இன்னொரு தடவை படித்தேன். முதல் தடவையைவிடத் திருத்தமாக வந்தது.

மதியம் கூட்டம் அலைமோதியது. கல்லாவுக்கு மேலே டிவியில் ஆட்டம். அப்பா கல்லைவிட்டு நகர முடியாது. அதனால் தட்டுகள் போய்வரும் ஜன்னல் ஓரம் நின்று நான் வர்ணனை சொல்வேன். பரிமாறும் வேலையில் இருந்த மாமாவுக்கோ கிரிக்கெட் காலத்துப் பழக்கம். நம் ஆள் நன்றாக ஆடும்போது யார் எப்படி நின்றார்களோ அப்படியே நிற்க வேண்டும். பதினேழு எறிந்த பந்தைக் கோட்டுக்கு அப்பால் ஒருவன் பிடித்து, ஆறு புள்ளி தரும் முதல் டச்டவுன் விழுந்தபோது நான் சட்னிக் கிண்ணத்தோடு ஒற்றைக் காலில் நின்றிருந்தேன்.

"கால கீழ வச்ச, கொன்னுடுவேன்!" என்றார் மாமா.

"ஹலோ, என் ரவா தோசை என்ன ஆச்சு?" என்று ஒரு அங்கிள் கேட்டார்.

"அசையாதீங்க சார்! ரெண்டே நிமிஷம்!"

அங்கிளும் ஸ்பூனைத் தூக்கியபடி உறைந்துவிட்டார்.

கடைசி நிமிடம். நான்கு புள்ளி பின்னால் இருந்தோம். பதினேழு பந்தோடு பின்வாங்கினான். எறிந்தால் பிடிக்க ஆள் இல்லை. "ஓடுறான்ப்பா! அவனே ஓடுறான்!" என்று அலறினேன். கரண்டியைப் போட்டுவிட்டு அப்பா ஜன்னலுக்கு வந்தார். பத்து கஜம், ஐந்து கஜம், மூன்று தடியர்கள் மேலே விழ, பதினேழு கோட்டைத் தாண்டிப் பாய்ந்தான். டச்டவுன்! சட்னி மாமாவின் சட்டையில். அங்கிள் மாமாவைக் கட்டிக்கொண்டு குதித்தார். கல்லில் தோசை கருகிப் புகைந்தது. அப்பா கையில் தோசை கருகி நான் பார்த்தது அந்த ஒரு முறைதான்.

அப்பா மட்டும் கத்தவில்லை. "எந்திரிச்சிட்டானா?" என்று கேட்டார்.

"எந்திரிச்சிட்டான்ப்பா."

"எந்தக் கால ஊனி எந்திரிச்சான்?"

நான் அதைக் கவனிக்கவில்லை. கவனித்ததாகச் சொன்னேன்.

இரண்டு வாரம் கழித்து, பதினேழு ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, இனி ஆடப்போவதில்லை என்று டிவியில் அழுதான். நான் செத்தேன் என்று நினைத்தேன். அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. முழங்காலுக்கு உறையை மாட்டிக்கொண்டு கல்லின் முன்னால் போய் நின்றார். நான் பள்ளிப் படிப்பை முடித்துக் கல்லூரிக்குக் கிளம்பும்வரை, சரியாக ஐந்து வருடம், அங்கேயேதான் நின்றார்.

பதினேழு டிவியில் அழுத அன்று, கல்லைத் துடைத்துக்கொண்டே ஒன்று மட்டும் சொன்னார்.

"அவனுக்கென்னம்மா, நிறுத்திடலாம். அவன் பொண்ணு படிச்சு முடிச்சிருப்பா."

பதினேழைப் பற்றி எனக்குத் தெரியாதது உண்டா? உடனே திருத்தினேன்.

"அவனுக்குப் பொண்ணே கிடையாதுப்பா. ரெண்டும் பையன்."