ஆஸ்பத்திரி மோர்ச் சட்டி

நோயாளி பிழைத்தால் டாக்டரின் கைராசி, வயிறு கெட்டால் சமையல்காரனின் கைப்பக்குவம். ஆஸ்பத்திரிச் சமையலறையில் கரண்டி பிடித்தவர்களுக்கு எங்கள் தொழிலைப் பற்றி இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை.

யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். ஆவடியைச் சுற்றி ராணுவத்துக்குக் கிடங்குகள் கட்டினார்கள். மண் வெட்டவும் கல் சுமக்கவும் வந்த கூலியாட்களுக்காக ஓலைக் கொட்டகையில் ஓர் ஆஸ்பத்திரி போட்டார்கள். அதில் நான் சமையல் மேஸ்திரி. மேஸ்திரி என்றதும் எனக்குக் கீழே ஒரு படையே இருந்ததாக நினைத்துவிடாதீர்கள். அடுப்பு, அண்டா, புகை, என் முன்கோபம், அவ்வளவுதான்.

சல்பா மாத்திரையை அங்கேதான் முதலில் பார்த்தேன். பென்சிலின் என்ற பெயரே எங்கள் காதில் விழாத நேரம் அது. வயிற்றுக்கடுப்புக்கும் நிமோனியாவுக்கும் டாக்டர் சல்பாவைத்தான் கொடுப்பார். கடுப்பு நிற்கும், காய்ச்சல் இறங்கும். ஆனால் பிறகு சிலருக்கு வயிறு உப்பிக்கொள்ளும், சோறு செரிக்காது, கழிச்சல் விடாது. அதற்கு அவர் சொன்ன மருந்து மோர். மாத்திரை அவர் பொறுப்பு, மோர் என் பொறுப்பு. என் தலைவலி அங்கே ஆரம்பித்தது.

மருந்து முறிந்துவிடுமாம்

முனுசாமி வெள்ளானூர்ச் சேரியிலிருந்து மண் வெட்ட வந்தவன். கடுப்பு வந்து கட்டிலில் படுத்தான். தினமும் மோர் கொடுத்தேன், தினமும் குவளை காலியாகத் திரும்பியது. நானும் மகிழ்ந்துபோனேன். ஆனால் அவன் வயிறு தேறவே இல்லை. கொட்டகைக்கு வெளியே ஒரு சொறிநாய் மட்டும் நாளுக்கு நாள் கொழுத்துக்கொண்டு போனது. ஒருநாள் ஓலைச் சந்து வழியாக அவன் குவளையைக் கவிழ்ப்பதைக் கையும் களவுமாகப் பிடித்தேன். "கோச்சிக்காத மேஸ்திரி, நாட்டு மருந்து துன்னாவே மோரு ஆவாது, மருந்து முறிஞ்சிபூடும். இது வெள்ளக்காரன் மருந்து, இதுக்கு எம்மாம் பத்தியம் கீதோ" என்றான்.

நான் கத்திய கத்தலில் டாக்டரே வந்துவிட்டார். அவர் எப்போதும் கதை போலத்தான் சொல்வார். "இந்த மாத்திரை போலீஸ் மாதிரி முனுசாமி. சந்தையில் திருடனைப் பிடிக்கச் சொன்னால், பக்கத்தில் நிற்கிற கத்திரிக்காய்க்காரனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். நம் வயிற்றில் நல்லது செய்கிற கிருமிகளும் இருக்கின்றன. அவையும் செத்துவிடும். மோர் குடித்தால் நல்ல கிருமி மறுபடி உள்ளே போகும்." முனுசாமி குவளைக்குள் வெகுநேரம் உற்றுப் பார்த்தான். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னான்: "கிருமியா கீது இதுல? முன்னாடியே சொல்லியிருந்தா அந்த நாயிக்குக் கூட ஊத்தியிருக்க மாட்டேனே!"

ஒரே மடக்கில்

முனுசாமிக்கு அடுத்த கட்டிலில் ஒரு கல்லுடைக்கிறவர். அவர் வேறு ரகம். மாத்திரையைப் பொடித்து மோரில் கலக்கி ஒரே மடக்கில் குடித்துவிடுவார். வேலையாள் அல்லவா, எதையும் சட்டென்று முடிக்க வேண்டும். டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். போலீஸ் வருகிற நேரத்திலேயே ஜாமீன்காரனையும் அனுப்பினால் அவனையும் சேர்த்து உள்ளே போட்டுவிடுவார்கள், மாத்திரை காலையில் என்றால் மோர் உச்சி வேளைக்கு, மாத்திரை தீர்ந்த பிறகும் சில வாரத்துக்கு மோரை விடக்கூடாது என்றார். கல்லுடைக்கிறவர் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுக் கேட்டார்: "அப்போ உச்சி வேளைக்கு மோரு மட்டும் தானா, சோறு கெடயாதா சாமி?"

பருத்திப்பட்டு உறை

எங்கள் சமையலறைத் தயிர் கெட்டுப்போய் நூல் விட ஆரம்பித்தது. நல்ல உறை வேண்டும். பருத்திப்பட்டில் ஏரிக்கரைப் பக்கம் தனகோட்டி அம்மா வீடு. நிலம், மாடு, கன்று என்று நிறைந்த குடும்பம். அந்த வீட்டுத் தயிர் கத்தியால் வெட்டலாம் போல் இருக்கும் என்று கேள்விப்பட்டு, வேலை முடித்து ஒரு கிண்ணத்தோடு போனேன். போய்ச் சேர்ந்தபோது மாடத்தில் விளக்கு ஏற்றிவிட்டிருந்தார்கள். விளக்கு வைத்த பிறகு பால், தயிர், மோர் எதுவும் வீட்டை விட்டுப் போகாது என்று சொல்லி அனுப்பிவிட்டார். எனக்கு எரிச்சல்தான். ஆனால் என் அம்மாவும் அப்படித்தான், என்ன சொல்ல முடியும்?

மறுநாள் வெயில் இருக்கும்போதே போனேன். முகம் சுளிக்காமல் கெட்டித் தயிராகக் கொண்டுவந்தார். என் கிண்ணத்தைத் தரையில் வைக்கச் சொல்லி, எட்டி நின்று உயரத்திலிருந்து ஊற்றினார். பாதி கிண்ணத்தில், மீதி மண்ணில். நான் பார்த்த பார்வையைக் கவனித்திருக்க வேண்டும். "தப்பா நெனச்சிக்காத நைனா, ஆஸ்பத்திரி ஏனம், யார் யார் வாயி பட்டுதோ, என் சட்டியில இடிச்சிடக் கூடாது பாரு" என்றார்.

மோர்க்குழம்பு

முனுசாமி குணமானதும் மண் வெட்டப் போகவில்லை. எனக்கு ஒத்தாசையாகச் சமையலறையிலேயே தங்கிவிட்டான். மோர்ச் சட்டி அவன் வசம். கழுவுவது, காயவைப்பது, உறை ஊற்றுவது, உறியில் ஏற்றுவது எல்லாம் அவன்தான். நாய்க்கு ஊற்றியவனே இப்போது ஒரு சொட்டு சிந்தினால் என்னை முறைப்பான்.

அந்த நேரம் பார்த்து ஒரு சுகாதார அதிகாரி வந்தார். எங்கோ காலரா பரவுகிறதாம். தண்ணீரோ பாலோ மோரோ, எதுவானாலும் கொதிக்கவைக்காமல் வார்டுக்குள் போகக்கூடாது என்று உத்தரவு போட்டார். தண்ணீருக்கு அது சரிதான். மோரை எப்படி ஐயா கொதிக்கவைப்பது? டாக்டர் பட்டணம் போயிருந்தார். அதிகாரி அடுப்புப் பக்கத்திலேயே நின்றார். இருந்த தயிரையெல்லாம் கடைந்து அண்டாவில் ஊற்றிக் கொதிக்கவைத்தேன். திரிந்து, தண்ணீர் வேறு சக்கை வேறாகப் பிரிந்து வந்ததை அகப்பையால் வார்டெல்லாம் பரிமாறினேன். அந்தக் கண்றாவியை இன்று நினைத்தாலும் கூசுகிறது.

மறுநாள் டாக்டர் வந்து அழாத குறை. நல்ல கிருமி ஒன்றுகூட மிஞ்சியிருக்காதே, உறைக்கு இனி எங்கே போவது என்றார். அப்போதுதான் முனுசாமி விறகுக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னச் சட்டியை எடுத்துவந்தான். அதிகாரி கண்ணில் படாமல் கொஞ்சம் தயிரை ஒளித்துவைத்திருக்கிறான்! எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. ஆனால் வார்டில் எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ் கல்லுடைக்கிறவருடையது: "மோர்க்கொயம்பு ஷோக்காதான் கீது மேஸ்திரி, வெண்டக்காயத்தான் காணோம்."

காலிச் செம்பு

அடுத்த கோடையில் பருத்திப்பட்டு மாடுகளுக்குக் கோமாரி வந்தது. வாயில் நுரை தள்ளிக்கொண்டு நின்றன, பால் வற்றிப்போனது. ஊரில் ஒரு வீட்டிலும் மோர் இல்லை. அதே சமயத்தில் தனகோட்டி அம்மாவின் மகன் ஏகாம்பரத்துக்குக் கடுப்பு. கிடங்கில் வேலை பார்க்கிற பையன், அவருக்கு ஒரே பிள்ளை. எங்கள் டாக்டர் அவர்கள் வீட்டுக்கே போய் சல்பா கொடுத்தார். கடுப்பு நின்றது. ஆனால் மற்றவர்களுக்கு ஆனதுதான் அவனுக்கும், கொஞ்சம் அதிகமாகவே ஆனது. கஞ்சி குடித்தாலும் உடனே கழிச்சல், எலும்பும் தோலுமாகிவிட்டான். மோர் கொடுங்கள், ஆஸ்பத்திரிச் சமையலறையில் கிடைக்கும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். எங்களுக்குப் பால் பூந்தமல்லிப் பக்கத்திலிருந்து வந்துகொண்டிருந்தது, குறைவில்லை.

ஒரு காலை தனகோட்டி அம்மா செம்போடு வந்து வாசலில் நின்றார். நான் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தேன். முனுசாமி உறியிலிருந்து சட்டியை இறக்கினான். அவன் எந்த ஊர் என்று அந்த அம்மா கேட்டார். வெள்ளானூர் என்றான். ஊர்ப் பக்கமா சேரிப் பக்கமா என்று அவர் கேட்கவில்லை. அவன் சட்டியோடு ஒதுங்கி நின்ற விதத்திலேயே தெரிந்துகொண்டார். "உங்க வீட்டு உறைதாம்மா இது" என்றேன். "எங்க ஊட்டுதாவே இருக்கட்டும், எந்தெந்தக் கை பட்டு வந்துகீதோ" என்று சொல்லிவிட்டுக் காலிச் செம்போடு திரும்பிப் போனார்.

எனக்கு வந்த கோபத்தில் அடுப்பிலிருந்த பருப்பு தீய்ந்தது. பிள்ளை உயிரைவிடச் சட்டி பெரிதா, இந்த மனுஷிக்கு என்ன திமிர் என்று வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். முனுசாமி சட்டியை உறியில் ஏற்றிக்கொண்டே சொன்னான்: "அவங்கள ஏன் திட்ற மேஸ்திரி, அந்தப் புள்ளதான் பாவம்."

விளக்கு வைத்த பிறகு

சில நாள் கழித்து, அந்தி சாய்ந்து சமையலறையில் விளக்கு ஏற்றியிருந்தேன். தனகோட்டி அம்மா மறுபடி வந்தார். தலை கலைந்திருந்தது. ஓடிவந்திருக்கிறார், மூச்சு வாங்கியது. "கண்ணு உள்ள பூட்ச்சி நைனா, மோரு மோருன்னு கேட்டுகினே கீறான்" என்றார். விளக்கு வைத்தாயிற்றே அம்மா என்று என் நாக்கு நுனி வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்ததும் விழுங்கிக்கொண்டேன். விழுங்கினேனே என்று இன்றைக்கும் ஒரு நிம்மதி.

முனுசாமி சட்டியைக் கொண்டுவந்தான். செம்பைத் தரையில் வைக்கும்படி சொல்லிவிட்டு, எட்டி நின்று, உயரத்திலிருந்து ஊற்றப் போனான். அவர் வழக்கத்தை அவருக்காக அவன் காப்பாற்றினான். முதலில் ஊற்றியது மண்ணில் விழுந்தது. அந்த அம்மா குனிந்து செம்பை எடுத்தார். சட்டியின் விளிம்பில் செம்பின் வாயை இடித்துப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "பட்டா படட்டும் நைனா, சிந்தாம ஊத்து."

லோட்டா

ஏகாம்பரம் மெள்ள மெள்ளத் தேறினான். மோர்தான் காப்பாற்றியது என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், டாக்டரும் சொல்லவில்லை. வயிறு நிலைக்கு வந்தது, சோறு தங்கியது, அவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். அதுவரை தினமும் அந்த அம்மா வந்தார். தினமும் செம்பும் சட்டியும் இடித்துக்கொண்டன. கோமாரி தீர்ந்து மாடு கறக்க ஆரம்பித்ததும் எங்கள் தயிரையே உறைக்கு வாங்கிப் போனார். அதோடு வருவது நின்றது.

யுத்தம் முடிந்து கொட்டகையைப் பிரித்தார்கள். நானும் முனுசாமியும் மூட்டையைக் கட்டிக்கொண்டு கிளம்பினோம். பருத்திப்பட்டுப் பக்கமாகப் போய் அம்மாவிடம் சொல்லிக்கொண்டு போகலாம் என்றான். அவனுக்குத்தான் அந்த ஆசை. நல்ல வெயில். எங்களைப் பார்த்ததும் தனகோட்டி அம்மா முகம் மலர்ந்தது, பொய்யில்லை. ஏகாம்பரம் உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான், கன்னத்தில் சதை போட்டிருந்தது. முற்றத்தில் ஊர்க்காரர்கள் உட்கார்ந்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். அம்மா உள்ளே போய் மோர் கொண்டுவந்தார். எனக்கு ஒரு லோட்டாவில் கொடுத்தார். முனுசாமி கையைக் குவித்தான். அவன் கைக்கு உயரத்திலிருந்து ஊற்றினார். அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஊற்றும்போதே, அவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, "ஊடு நெறைய ஆளுங்க கீறாங்க நைனா, நான் இன்னா பண்ண" என்றார். பாதி விரல் இடுக்கில் ஒழுகி மண்ணில் போனது.

ஒரு வாய்கூடக் குடிக்காமல் என் லோட்டாவைக் கீழே வைத்துவிட்டேன். ஏரிக்கரைக்கு வந்ததும் வாய் கிழியத் திட்டினேன். அந்த அம்மாவை, அந்த ஊர்க்காரர்களை, வெயிலை, எல்லாவற்றையும். முனுசாமி வாயைத் துடைத்துக்கொண்டான். அப்புறம் சிரித்தான். "உடு மேஸ்திரி. அது நம்ம சட்டி மோருதான், வாயில வச்சதுமே தெரிஞ்சிபோச்சி."

மாத்திரை கெடுத்த வயிற்றுக்கு மோர் கொடுத்துச் சரிசெய்து அனுப்பிவிட்டோம், மற்றதைச் சரிசெய்கிற சரக்கு எதுவும் எங்கள் சமையலறையில் இருக்கவில்லை.